சேற்றுக்குள் ஒரு கடல்

நுழையும்முன்

கொற்கையில் இன்று கடல் இல்லை. நெல்லும் வாழையும் விளைகின்றன. அவ்வயல்களுக்கு அடியில் சங்கும் சிப்பியும் கிடைக்கின்றன. கடல் இருந்த காலத்தை அச்சிப்பிகளைக் கொண்டு கணக்கிட முடியுமா? சிப்பி சொல்லும் செய்தியை நம்புவதற்கு முன், அது புதைந்து கிடந்த சேற்றின் நீரைப் பற்றி அறிய வேண்டியிருக்கிறது. கண்ணுக்குப் புலப்படாத அந்நீரின் வேதியியலை விளக்குகிறது இக்கட்டுரை.

ஊற்று நீரும் இடைநீரும்

கோடைக்காலத்தில் தாமிரபரணியின் நீரோட்டம் ஒரு கரையோரமாக ஒதுங்கிவிடும். அப்போது ஆற்று மணலைக் கையால் பறித்து, ஊற்றுத் தோண்டி நீர் எடுப்பது ஆற்றங்கரை ஊர்களின் பழைய வழக்கம். முதலில் கலங்கலாக ஊறும் நீரைச் சிரட்டையால் இறைத்துவிட்டால், சற்று நேரத்தில் தெளிந்த நீர் சுரக்கும். மணலுக்கு அடியில் தனியே ஒரு குளம் ஒளிந்திருக்கவில்லை. மணல்மணிகளுக்கு நடுவேயுள்ள சிறுசிறு இடைவெளிகளில் நிறைந்திருந்த நீரே பள்ளத்தை நோக்கிக் கசிந்து வருகிறது. படிவுகளின் துகள்களுக்கு இடையே தங்கியிருக்கும் இத்தகைய நீரை இடைநீர் எனலாம்.

ஆற்றுப்படுகையைப் போலவே கடலடித் தரையும் இடைநீரைத் தாங்கியுள்ளது. அங்கு அதன் அளவு வியப்பூட்டுவது. கடலடியில் புதிதாகப் படிந்த மென்சேற்றை ஒரு குடம் அள்ளினால், அதில் ஏறத்தாழ முக்கால் குடம் நீராகவே இருக்கும். மேலும் மேலும் வண்டல் படியப் படிய, மேற்சுமையால் சேறு இறுகும். நீரில் ஒரு பகுதி மேல்நோக்கிப் பிழியப்படும். எஞ்சியது சேற்றோடு புதையும். இவ்வாறு புதையுண்ட கடல்நீர் பல்லாயிரம் ஆண்டுகள் மண்ணுக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

மேலே அலையடிக்கும் கடலும் கீழே சேற்றுக்குள் தங்கிய கடலும் தொடக்கத்தில் ஒன்றே. ஒரு கிலோ கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அவற்றுள் குளோரைடு 19 கிராம், சல்பேட்டு 2.7 கிராம், மெக்னீசியம் 1.3 கிராம், கால்சியம் 0.4 கிராம். புதையுண்ட நீரிலும் முதலில் இதே அளவுகளே இருக்கும். பின்னர் அவை மாறத் தொடங்குகின்றன. இம்மாற்றங்களே இக்கட்டுரையின் பொருளாகும்.

அழுகிய முட்டை மணம்

தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயல் பகுதியில் அலையாத்திக் காடுகள் உள்ளன. அங்குள்ள சேற்றில் கால் புதைய நடப்போர் ஒன்றை உணர்வர். மேற்பரப்பில் பழுப்பு நிறமாக இருக்கும் சேறு, சில விரற்கடை ஆழத்தில் கரிய நிறமாக மாறிவிடும்; அழுகிய முட்டையின் மணமும் எழும். சேறு கெட்டுவிட்டது என்று மூக்கைப் பொத்திக்கொள்வது இயல்பே. உண்மையில் அங்கு நடப்பது ஓர் ஒழுங்கான உணவு முறை.

இலை, வேர், மீன்கழிவு, மிதவை உயிரிகளின் உடல் ஆகிய கரிமப் பொருள்கள் அனைத்தும் சேற்றில் வந்து சேர்கின்றன. நுண்ணுயிரிகள் அவற்றை உண்டு வாழ்கின்றன. மேலடுக்கில் இருப்பவை, மனிதரைப் போலவே, நீரில் கரைந்த ஆக்சிஜனைப் பயன்படுத்துகின்றன. சேற்றில் ஆக்சிஜன் விரைவில் தீர்ந்துவிடும். அதன்பின் நைட்ரேட்டு, மாங்கனீசு, இரும்பு ஆகியவற்றின் ஆக்சைடுகள் என ஒவ்வொன்றாக அப்பணிக்கு வருகின்றன. அவையும் தீர்ந்தபின், கடல்நீரில் மிகுதியாக உள்ள சல்பேட்டின் முறை வருகிறது. சல்பேட்டைப் பயன்படுத்தும் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடை வெளியிடுகின்றன. அதுவே அழுகிய முட்டை மணம். அது இரும்போடு சேர்ந்து உண்டாக்கும் இரும்புச் சல்பைடே சேற்றின் கருமை.

மணம் பலருக்கும் தெரியும். அதோடு உண்டாகும் மற்றொரு பொருளுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அதுதான் பைகார்பனேட்டு. ஒரு சல்பேட்டு அயனி செலவாகும்போது இரண்டு பைகார்பனேட்டு அயனிகள் இடைநீரில் சேர்கின்றன. சுண்ணாம்பின் வரலாறு இங்கிருந்து தொடங்குகிறது.

இவ்வேதியியலை முதன்முதலில் அளந்து காட்டியோருள் ஜான் முர்ரே குறிப்பிடத்தக்கவர். 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களை ஆய்ந்த 'சாலஞ்சர்' கப்பலில் இயற்கை அறிவியலாளராகச் சென்றவர் அவர். 1890களில் அவரும் இராபர்ட் இர்வினும், கடலடி நீலச்சேற்றிலிருந்து நீரைப் பிரித்தெடுத்துப் பகுத்தாய்ந்தனர். அந்நீரில் சல்பேட்டு குறைந்திருந்தது, காரத்தன்மை கூடியிருந்தது. மேலேயுள்ள கடலும் சேற்றுக்குள் உள்ள கடலும் வேறுவேறு என்பது அப்போது எண்களால் நிறுவப்பட்டது.

கரைவதும் படிவதும்

சுண்ணாம்புத் தெளிநீரில் குழாய்வழியே மூச்சுக் காற்றை ஊதும் பள்ளிச் சோதனையை மாணவர் அறிவர். நீர் பால்போல் கலங்கும். கால்சியம் கார்பனேட்டு வீழ்படிவாவதே அதற்குக் காரணம். சோதனையை அத்தோடு நிறுத்திவிடாமல் தொடர்ந்து ஊதினால், கலங்கிய நீர் மீண்டும் தெளியும். மிகுந்துவிட்ட கார்பன் டை ஆக்சைடு, கார்பனேட்டைக் கரையும் பைகார்பனேட்டாக மாற்றிவிடுகிறது. கொஞ்சம் ஊதினால் படிகிறது. மிகுதியாக ஊதினால் கரைகிறது.

கடற்சேற்றிலும் இவ்விரண்டும் நிகழ்கின்றன. நிகழும் இடம்தான் வேறு. ஆக்சிஜன் உள்ள மேலடுக்கில் உயிரிகள் மூச்சுவிடுவதால் கார்பன் டை ஆக்சைடு பெருகும். இடைநீர் சற்று அமிலத்தன்மை அடையும். அங்குள்ள சிப்பித் துண்டுகளின் விளிம்புகள் அரிக்கப்படும். அதற்குக் கீழே, சல்பேட்டு செலவாகும் அடுக்கில், பைகார்பனேட்டு திரண்டுகொண்டே செல்லும். ஒரு நிலையில் இடைநீரால் அதற்குமேல் தாங்க இயலாது. கால்சியமும் கார்பனேட்டும் இணைந்து மணல்மணிகளின்மேல் நுண்படிகங்களாகப் படியும். ஆகவே, ஒரே சிப்பி புதையத் தொடங்கும்போது கரையவும், ஆழத்துக்குச் சென்றபின் புதிய சுண்ணாம்பைத் தன்மேல் ஏற்கவும் கூடும்.

சல்பேட்டும் தீர்ந்துவிட்ட ஆழத்தில் மீத்தேன் உருவாகிறது. அது மேல்நோக்கிப் பரவும். மேலிருந்து சல்பேட்டு கீழ்நோக்கிப் பரவும். இரண்டும் சந்திக்கும் எல்லையில், ஆக்சிஜன் இன்றியே மீத்தேனை உண்ணும் நுண்ணுயிரிக் கூட்டங்கள் வாழ்கின்றன. அங்கும் பைகார்பனேட்டு பெருகுகிறது. சுண்ணாம்புக் கட்டிகள் உருவாகின்றன. இவ்வெல்லை சில இடங்களில் சில மீட்டர் ஆழத்திலும், சில இடங்களில் சில பத்து மீட்டர் ஆழத்திலும் அமைகிறது.

இந்தியாவில் இதனை நேரில் கண்டறிந்த இடம் வங்கக்கடலின் கிருஷ்ணா–கோதாவரிப் படுகை. 2006ஆம் ஆண்டு, தேசிய எரிவளி ஹைட்ரேட்டுத் திட்டத்தின் முதல் பயணத்தில், 'ஜாய்டஸ் ரெசல்யூஷன்' என்னும் துளையிடும் கப்பல் இந்தியக் கடல்களில் ஆய்வு மேற்கொண்டது. ஏறத்தாழ 1000 மீட்டர் நீருக்கு அடியிலிருந்து மண்தண்டுகள் எடுக்கப்பட்டன. கப்பலிலேயே அத்தண்டுகளை வெட்டி, உலோக உருளையில் இட்டு, அழுத்தும் பொறியால் பிழிந்து, சொட்டுச் சொட்டாக இடைநீரைச் சேகரித்தனர். எள்ளிலிருந்து எண்ணெய் பிழிவதைப் போன்ற பொறுமையான வேலை அது. அந்நீரில் சில ஆழங்களில் குளோரைடு எதிர்பாராத வகையில் குறைந்திருந்தது. கடலுக்கு அடியில் நன்னீர் எங்கிருந்து வந்தது? மீத்தேனும் நீரும் பனிக்கட்டிபோல் உறைந்த ஹைட்ரேட்டு, உறையும்போது உப்பை வெளியே தள்ளிவிடும். மண்தண்டு மேலே வரும் வழியில் அது உருகி, உப்பற்ற தன் நீரை இடைநீரில் கலந்திருந்தது. கண்ணால் காணும் முன்பே மறைந்துவிட்ட ஒரு பொருளை, நீரின் உப்பளவு காட்டிக்கொடுத்தது.

இப்படுகையில் மீத்தேனிலிருந்து பிறந்த சுண்ணாம்புக் கட்டிகளையும் கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஆராய்ந்துள்ளனர். சாதாரணச் சிப்பிச் சுண்ணாம்பிலிருந்து இதனைப் பிரித்தறிய ஓர் அடையாளம் உண்டு. இயற்கையில் கார்பன் 12, கார்பன் 13 என இருவகை நிலையான கார்பன் அணுக்கள் உள்ளன. மீத்தேனில் கனமான கார்பன் 13 மிகக் குறைவு. அதிலிருந்து உருவான சுண்ணாம்பிலும் அக்குறை அப்படியே பதிந்துவிடுகிறது. தாய்வீட்டு அடையாளம் என இதனைச் சொல்லலாம்.

மன்னார் வளைகுடாவின் சுண்ணாம்பு

தாமிரபரணி சென்று கலக்கும் மன்னார் வளைகுடாவின் கரையோரக் கடல், ஆழம் குறைந்தது; வெதுவெதுப்பானது. தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரை வரிசையாக அமைந்த 21 தீவுகளும் பவளப்பாறைகளின் மேல் பவளச் சிதைவும் சிப்பித்தூளும் குவிந்து உண்டானவை. இங்கு நூற்றுக்கும் மேற்பட்ட வகைப் பவள உயிரிகள் வாழ்கின்றன. பவளம், சங்கு, சிப்பி அனைத்தும் கால்சியம் கார்பனேட்டே. கொற்கைக்குப் புகழ்சேர்த்த முத்தும் அதுவே. அரகோனைட்டு என்னும் கார்பனேட்டின் மெல்லிய தகடுகள், கரிமப் பசையால் பிணைக்கப்பட்டு அடுக்கடுக்காக அமைவதால்தான் முத்து ஒளிர்கிறது. 1973இல் கா. அழகர்சாமி தலைமையிலான மையக் கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தார், தூத்துக்குடிக் கடற்பகுதியில் வளர்ப்பு முத்தை வெற்றிகரமாக உருவாக்கினர். அவ்வகையில் மனிதர் சிப்பிக்குள் ஒரு சிறு மணியை வைத்தனர். கார்பனேட்டைக் கடலிலிருந்து எடுத்துப் பூசியது சிப்பியே.

கால்சியம் கார்பனேட்டு, படிக அமைப்பில் அரகோனைட்டு, கால்சைட்டு என இருவகையாக அமையும். முத்து, சங்கு, பவளம் ஆகியன அரகோனைட்டு. ஆனால் நிலத்தின் மேற்பரப்பில் நிலைபெறுவது கால்சைட்டு. நன்னீர் பட்டால் அரகோனைட்டு எளிதில் கரையும். கரைந்தது கால்சைட்டாக மீண்டும் படியும். இந்த வேறுபாட்டை நினைவில் கொள்க; கொற்கைச் சிப்பியைப் பற்றிப் பேசும்போது இதுவே திறவுகோலாகும்.

மணல் கல்லாகும் கரை

திருச்செந்தூர்க் கடற்கரைக்குச் செல்வோர் நாழிக்கிணற்றைக் காணாமல் திரும்புவதில்லை. கடலுக்கு மிக அருகில் அமைந்த அச்சிறு கிணற்றில் நன்னீர் ஊறுகிறது. பக்தர்கள் அதனைத் தெய்வ அருளாகப் போற்றுகின்றனர். இடைநீர் பற்றி அறிந்தோர்க்கு அது மேலும் ஒரு வகையில் வியப்புத் தரும். கரையோர மணற்பரப்பில் பெய்யும் மழைநீர், மணலின் இடைவெளிகளில் இறங்கித் தங்குகிறது. கடல்நீரைவிட எடை குறைந்ததாதலால், உவர்நீரின்மேல் அது மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் உயரத்துக்கு நன்னீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை நன்னீர் உவர்நீரைத் தள்ளி நிற்கும் என்பது நீரியல் கணக்கு. அந்நன்னீரை மிகுதியாக இறைத்தால், அதே விகிதத்தில் உவர்நீர் மேலேறும். கடலோர ஊர்களில் ஆழ்துளைக் கிணறுகள் உப்பாவதன் காரணம் இக்கணக்கில் அடங்கியிருக்கிறது.

அக்கோயிலை அடுத்த வள்ளிக் குகை, மணற்கல் பாறையில் அமைந்தது. இக்கரையோரத்தில் கடல்மணலும் சிப்பித்தூளும் கல்லான இடங்கள் பல உள்ளன. சிப்பித்தூள் கலந்த மணலில் மழைநீர் இறங்கும்போது சிப்பியின் சுண்ணாம்பு கரைகிறது. நீர் ஆவியாகும்போதோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும்போதோ அது மணல்மணிகளுக்கு இடையே கால்சைட்டாகப் படிந்து அவற்றை ஒட்டுகிறது. கொத்தனார் சாந்து பூசுவதற்கும் இதற்கும் வேறுபாடு குறைவு. சாத்தான்குளத்தை அடுத்த பனம்பாறையில் இவ்வாறு சுண்ணாம்பால் பிணைந்த மணற்கல் காணப்படுகிறது. பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்த இராபர்ட் புரூசு ஃபூட், மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நிலவியலை ஆராய்ந்து 1883இல் நூலாக வெளியிட்டார். தேரி என்னும் செம்மணற் குன்றுகளும் கரையோர மணற்கற்களும் அக்காலத்திலேயே நிலவியலாரின் கருத்தைக் கவர்ந்திருந்தன.

மணல் கல்லாவதற்கு ஊழிக்காலம் வேண்டும் என்று எண்ணுதல் வேண்டா. வெப்பமண்டலக் கடற்கரைகளில், அலை ஏறி இறங்கும் எல்லையில், சில பத்தாண்டுகளிலேயே மணல் பாறையாகிவிடுவதுண்டு. கண்ணாடிப் புட்டிகளும் நாணயங்களும் பொதிந்த கடற்கரைப் பாறைகள் உலகின் பல கரைகளில் கண்டெடுக்கப்பட்டுள்ளன. கல்லைக் கண்டவுடன் தொன்மையானது என்று கூறிவிட இயலாது என்பதற்கு அப்புட்டிகளே சான்று.

கொற்கை: சிப்பி சொல்வதும் சொல்லாததும்

பாண்டியரின் துறைமுகமாக விளங்கிய கொற்கையை 'கொல்கோய்' எனக் கிரேக்கர் எழுதிவைத்தனர். இன்று அது தூத்துக்குடி மாவட்டத்தில், கடலிலிருந்து 6 கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே தள்ளி அமைந்த சிற்றூர். தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் கழிமுகத்தை நிரப்ப, கடல் விலகியது. கொற்கைக்குப்பின் கடலை நோக்கிச் சென்று பழைய காயல் துறைமுகமாயிற்று. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ குறிப்பிட்ட காயல் அதுவே என்பர். அதுவும் தூர்ந்தபின் புன்னைக்காயல் எழுந்தது. துறைமுகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடலைத் தேடி நடந்ததை, 1881இல் வெளியான திருநெல்வேலி வரலாற்று நூலில் கால்டுவெல் எடுத்துரைத்தார். கொற்கைப் பகுதியில் மண்ணுக்கடியில் கடற்சிப்பிகள் கிடைப்பதும் அவர் கருத்தில் பட்டது.

தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1968–69இல் கொற்கையில் அகழாய்வு நடத்தியது. அங்குக் கிடைத்த கரித்துண்டு, கதிரியக்கக் கார்பன் முறையில் கி.மு. 785 எனக் காலக்கணிப்புச் செய்யப்பட்டது. 2021இல் மீண்டும் அங்கு அகழாய்வு நடைபெற்றது. அதே ஆண்டில், அருகிலுள்ள சிவகளையின் முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல்மணிகளின் காலம் கி.மு. 1155 என அறிவிக்கப்பட்டது. கரியும் நெல்லும் நிலத்தில் விளைந்தவை. காற்றிலிருந்து நேரடியாகக் கார்பனை ஏற்றவை. அவற்றின் கணக்கு ஒப்பீட்டளவில் எளியது.

மனிதர் வாழ்ந்த காலத்தைக் கரி சொல்லும். அக்காலத்தில் கடல் எங்கே நின்றது என்பதை அது சொல்லாது. அதனைச் சொல்லவேண்டியது சிப்பியே. அங்குத்தான் சிக்கல் தொடங்குகிறது.

முதலாவது, சிப்பி இருந்த இடமெல்லாம் கடல் இருந்ததாகாது. கொற்கை, சங்கையும் முத்தையும் வணிகம் செய்த ஊர். வளையல் அறுக்கக் கொண்டுவந்த சங்கின் கழிவும், முத்தெடுத்துக் கழித்த சிப்பிக் குவியலும் மேட்டு நிலத்திலும் கிடக்கும். இரு ஓடுகளும் மூடியபடி, உயிரோடிருந்த நிலையிலேயே நுண்சேற்றில் புதைந்த சிப்பி கிடைத்தால், அவ்விடத்தில் உப்பு நீர் நின்றது எனக் கொள்ளலாம். அறுத்த தடம் உள்ள சங்குத் துண்டு, பட்டறை இருந்ததற்கே சான்று. இவ்வேறுபாட்டைக் கருதாமல் 'சிப்பி கிடைத்தது. எனவே கடல் இருந்தது' என எழுதிவிடும் ஆர்வம் ஊர்ப்பற்றால் விளைவது. ஆய்வுக்கு அது போதாது.

இரண்டாவது, கடலில் வளர்ந்த சிப்பி பிறக்கும்போதே முதியது. ஆழ்கடலில் நெடுங்காலம் தங்கிய பழைய கார்பனும் கடல்நீரில் கலந்திருப்பதால், நேற்று இறந்த சிப்பியும் ஆய்வுக்கூடத்தில் ஏறத்தாழ 400 ஆண்டு வயது காட்டும். இதற்குத் திருத்தம் உண்டு. அத்திருத்தம் கடலுக்குக் கடல் மாறுபடும்.

மூன்றாவது, எல்லாவற்றினும் நுட்பமானது, இடைநீர் செய்யும் மாற்றம். கொற்கையின் சிப்பி முதலில் கடற்சேற்றின் உவர்நீரில் கிடந்தது. கடல் விலகியபின் மழைநீரும் ஆற்றுநீரும் அம்மண்ணில் இறங்கின. ஊர் வயலானபின் ஆண்டுதோறும் நெல்லுக்குப் பாய்ச்சிய நீர், வேர்களின் மூச்சால் கார்பன் டை ஆக்சைடு மிகுந்து கீழே கசிந்தது. அரகோனைட்டைக் கரைப்பதற்கு இதைவிடத் தகுந்த நீர் வேறில்லை. சிப்பியின் உருவம் குலையாமலே, அதன் ஒரு பகுதி கரைந்து, அவ்விடத்தில் புதிய கால்சைட்டு குடியேறக்கூடும். வெளியே பார்ப்பவர்க்கு அது பழைய சிப்பி. உள்ளே இருக்கும் கார்பனில் ஒரு பகுதி வேறொரு காலத்துக்கு உரியது.

தெரிந்து தெளிவோம்

உண்மையில் 3000 ஆண்டுப் பழைமையான சிப்பி ஒன்றில், இக்காலக் கார்பன் 10 விழுக்காடு கலந்துவிட்டால், அது ஏறத்தாழ 350 ஆண்டு இளமையாகக் காட்டும். மாறாக, கதிரியக்கத்தை முற்றிலும் இழந்த தொல்பாறைச் சுண்ணாம்பின் கார்பன் 10 விழுக்காடு கலந்தால், ஏறத்தாழ 870 ஆண்டு முதுமையாகக் காட்டும். கார்பன் 14இன் அரைவாழ்வுக் காலம் 5730 ஆண்டுகள் என்பதைக்கொண்டு இதனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

பத்தில் ஒரு பங்குக் கலப்பு, ஒரு துறைமுகத்தின் வரலாற்றைப் பல நூற்றாண்டுகள் முன்னே தள்ளவோ பின்னே இழுக்கவோ போதுமானது. ஆதலால் சிப்பியை அளக்குமுன் அதனைச் சோதிக்கின்றனர். எக்சு கதிர்களைச் செலுத்தி, எஞ்சியிருப்பது அரகோனைட்டா, கால்சைட்டா எனக் காண்கின்றனர். அரகோனைட்டு அப்படியே இருந்தால் இடைநீர் அதனைத் தீண்டவில்லை எனக் கொள்ளலாம். கால்சைட்டு கலந்திருந்தால் அம்மாதிரி ஒதுக்கப்படும். மேற்பரப்பை மென்அமிலத்தால் அரித்து நீக்கி, உட்பகுதியை மட்டும் எடுப்பதும் உண்டு. கார்பன் 13இன் அளவு, அச்சுண்ணாம்பு கடலில் பிறந்ததா, மண்ணில் பிறந்ததா என்பதைக் காட்ட உதவும்.

தொன்மையைக் கூட்டிக்காட்டும் எண் கிடைத்தால் மகிழ்வதும், குறைத்துக்காட்டும் எண் கிடைத்தால் ஐயுறுவதும் மனித இயல்பு. ஒதுக்கப்படும் சிப்பிகளின் எண்ணிக்கையே ஓர் ஆய்வின் நேர்மைக்கு நல்ல அளவுகோல்.

பழங்கடலும் புதுத்தீவும்

திருநெல்வேலிக்கு வடக்கே தாழையூத்தில் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் உள்ளன. அக்கல்லை நம்பி 1949இல் அங்குச் சிமெண்டு ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. அக்கல் சிப்பிகளைக் காட்டாது. கற்கண்டு போன்ற படிகங்களாகவே தோன்றும். 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர், இன்றைய கடலுக்குத் தொடர்பில்லாத ஒரு பழங்கடலின் அடியில் படிந்த சுண்ணாம்பு, நிலத்தினுள் ஆழப் புதைந்து வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியதன் விளைவு அது. இடைநீர் முழுவதும் வெளியேற்றப்பட்ட கடலடி என அதனைக் கருதலாம். அத்தகைய தொல்பாறையைக் கரைத்துவரும் நீர், கொற்கைச் சிப்பியை முதுமையாகக் காட்டும் கார்பனைச் சுமந்துவரக்கூடும். சுரங்கத்துக்கும் அகழாய்வுக் குழிக்கும் இடையே இப்படியும் ஓர் உறவு இருக்கிறது.

சுண்ணாம்புக்காக மலையை வெட்டியதோடு மக்கள் நிற்கவில்லை. தூத்துக்குடிக் கடலில் பவளப்பாறைகளையும் வெட்டினர். சுண்ணாம்புக் காளவாய்களுக்கும் வேதித் தொழிலுக்கும் கட்டடத்துக்கும் அவை பல ஆண்டுகள் பயன்பட்டன. 1986இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2001இல் பவள உயிரிகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அதற்குள் பூவரசன்பட்டி, விலங்குசல்லி ஆகிய இரு தீவுகள் நீரில் மூழ்கிவிட்டன. அலையைத் தடுத்து நின்ற பாறை போனபின், தளர்ந்த மணலாலான தீவு நிலைக்கவில்லை.

எஞ்சிய தீவுகளுக்குப் புதிய நெருக்கடிகளும் உள்ளன. 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல் மிகை வெப்பமடைந்ததால் பவளங்கள் வெளிறின. தொழிற்புரட்சிக்குப் பின்னர் காற்றில் கூடிய கார்பன் டை ஆக்சைடு, மேற்பரப்புக் கடல்நீரின் பி.எச். அளவை ஏறத்தாழ 8.2இலிருந்து 8.1ஆகக் குறைத்துள்ளது. எண்ணளவில் சிறிதாகத் தோன்றினும், அமிலத்தன்மை நான்கில் ஒரு பங்கு கூடியதாக இதற்குப் பொருள். சுண்ணாம்புத் தெளிநீரில் தொடர்ந்து ஊதிக்கொண்டே இருப்பதைப் போன்றது இது. பவள உயிரி தன் கூட்டைக் கட்டுவது கடினமாகிறது. கடலடி மணலின் இடைநீரில் ஏற்கெனவே கட்டிய சுண்ணாம்பு கரைவது எளிதாகிறது. ஆற்றிலும் அதன் துணையாறுகளிலும் பாபநாசம், மணிமுத்தாறு, சேர்வலாறு அணைகள் எழுந்தபின், வண்டலில் ஒரு பங்கும் கடலை அடையாமல் நின்றுவிடுகிறது.

தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான் தீவு, கண்ணெதிரே சுருங்கிய தீவுகளுள் ஒன்று. அதனைச் சூழ்ந்த கடலில், அலையின் வேகத்தைத் தணிக்கக் கான்கிரீட்டாலான செயற்கைப் பவளப்பாறைக் கட்டமைப்புகள் இறக்கப்பட்டுள்ளன. கான்கிரீட்டுக்கு உயிர்தரும் சிமெண்டு, சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுப் பெறுவது; சுண்ணாம்புக்கல்லோ ஒரு பழங்கடலின் அடித்தரை. அக்கட்டமைப்புகளின் மேல் இப்போது இளம் பவளங்கள் பற்றி வளர்கின்றன. அவற்றின் அடியில் மீண்டும் மணல் சேர்ந்து கொண்டிருக்கிறது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர் ஆறு, குளம் அல்லது கடற்கரையின் மணலில் ஒரு முழ ஆழம் தோண்டி, ஊறும் நீரையும் மேலே ஓடும் நீரையும் தனித்தனிக் கண்ணாடிக் குவளைகளில் எடுத்து, நிறம், மணம் ஆகியவற்றை ஒப்பிட்டுக் குறிப்பெழுதுக.

2. உடைந்த சிப்பித் துண்டின் மீது எலுமிச்சைச் சாற்றை விட்டு நிகழ்வதை உற்றுநோக்குக. முத்தை அணிவோர் புளிப்புப் பொருள்கள் படாமல் காப்பதன் காரணத்தை வகுப்பில் விளக்குக.

3. 'கொற்கையில் கிடைத்த ஒரு சிப்பி' தன் வரலாறு கூறுவதாக ஒரு பக்க அளவில் எழுதுக. அச்சிப்பி கடலில் இருந்த காலம், சேற்றில் புதைந்த காலம், வயலுக்கு அடியில் கிடந்த காலம் ஆகிய மூன்றிலும் அதனைச் சூழ்ந்த நீர் எவ்வாறு இருந்தது என்பதைத் தவறாமல் குறிப்பிடுக.